பூசணியைச் சொல்லியிருக்கலாம்

என் நாத்தனாருக்கு வயது நாற்பத்திரண்டு. வீட்டில் இன்னும் அவள் பாப்பாதான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் உடனே உச்சுக் கொட்டுவார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் சண்டை போட நான் ஒருத்தி இருக்கிறேன், அதுவே அதிகம். பாப்பாவுக்குச் சண்டை போட வராது. வந்திருந்தால், இந்தக் கத்திரிக்காய் விஷயம் அன்றைக்குத் தேர்வு அறையிலேயே முடிந்திருக்கும்.

மனசு கெட்டியான மனுஷிதான். அவள் புருஷன் ஒரு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி, சாயங்காலம் வேறொருத்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். பாப்பா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன். "விடுங்க அண்ணி. கட்டின கயித்தை அறுத்துக்கிட்டுப் போன மாட்டை ஊரெல்லாம் தேடிக்கிட்டா இருக்க முடியும்?" என்றாள். அன்றைக்குக்கூட அழாதவளை ஒரு கத்திரிக்காய் அழவைத்தது என்றால், அதற்குப் பின்னால் இருந்தவர்களை நான் சும்மா விட முடியுமா?

பாப்பாவுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான கூடம். இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை அள்ளிச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் வெளுப்பாக வருவதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். கையுறை கொடுக்கிறார்கள், கொடுக்காமல் இல்லை. அதற்குள்ளும் மருந்துத் தண்ணீர் இறங்கிவிடும். பாப்பாவின் விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோற்றிலுள்ள உப்புப் பட்டால்கூட முகத்தைச் சுளிப்பாள். டாக்டர் பார்த்துவிட்டு, "களிம்பு எழுதித் தர்றேன், ஆனா இந்த வேலையை விட்டாத்தான் கை ஆறும்" என்று சொல்லிவிட்டார்.

அதே ஆஸ்பத்திரியின் சமையலறையில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. காய் நறுக்குவது, பரிமாறுவது, நோயாளிகளின் தட்டைச் சரிபார்ப்பது. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது என்பதையெல்லாம், நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரின் மொழியில் எழுதித்தான் அனுப்புவார்கள். அதனால் மொழித் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் அந்த இடம். பாப்பா எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். பேச்சுத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் சமையலறை, இல்லாவிட்டால் அதே மருந்துத் தண்ணீர். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் பாப்பாவுக்குப் பேச்சுதானே வராது! நம் பேச்சிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். நான் தையல் கடையில் கால்சட்டை நீளம் குறைக்கிறவள், எனக்கு இந்த ஊர் மொழி பாதிதான் தெரியும். ஆனாலும் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழுச் சண்டை போடுவேன். பாப்பா முழுசும் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கரடியாகக் கத்திப் பார்த்தேன். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அவளோடு கூடவே சேர்ந்தவள்தான் ஜோடிக்காரி. அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. சலவைக் கூடத்தில் போர்வையின் மறுமுனையைப் பிடிக்கிறவள். வேறு நாடு, வேறு மொழி, நல்ல உயரம், சிரித்தால் கூடமே திரும்பிப் பார்க்கும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இந்த ஊர் மொழியின் துண்டு துணுக்குகள்தான். அவர்கள் அதில் பேசிக்கொண்டதையெல்லாம் நான் நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

சமையலறை இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கே ஜோடிக்காரி பாப்பாவிடம் சொன்னாளாம்: "எனக்கு அந்த வேலை வேண்டாம்மா. எண்ணெய்ப் புகை எனக்கு ஒத்துக்காது. நீ போ. முதல்ல உன் கை ஆறட்டும்." பாப்பா இதை வீட்டுக்கு வந்து என்னிடம் மூன்று தடவை சொன்னாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் அவள். அன்றைக்கு நானும் நம்பினேன் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

வகுப்பு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். இந்த ஊர்ப் பெண். யாரையும் ஏளனமாகப் பார்க்க மாட்டார், தப்பாகப் பேசினால் சிரிக்க மாட்டார். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரியவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்து, சமையலைப் பிடித்தார். எல்லோருக்கும் ஏதோ ஒன்று சமைக்கத் தெரியும், எல்லோருக்கும் அதைப் பற்றிப் பேச ஆசை. ஆனால் அதில் ஒரு விதி வைத்தார். வகுப்பில் அவரவர் சமையலைச் சொல்லக் கூடாது. ஜோடியின் சமையலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத்தான் சொல்ல வேண்டும்.

"உங்க வீட்டுச் சமையலைச் சொன்னா, மனசுக்குள்ள உங்க மொழி ஓடும். அடுத்தவங்க வீட்டுதைச் சொன்னா, காதுல கேட்டதைத்தான் சொல்ல முடியும்" என்பாராம்.

நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. வகுப்பில் ஒரே கூத்து. குழாய் வேலை செய்கிற ஒருவர், முடி வெட்டுகிறவரின் முட்டைச் சமையலைச் சொல்லும்போது, முட்டையைத் 'திருகித் திறந்து', வாணலியில் 'கசிவு இல்லாமல்' ஊற்றினாராம். பாப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வகுப்பிலும் பாப்பாவுக்கு ஜோடிக்காரிதான் ஜோடி. பாப்பா கொடுத்தது அவள் அம்மாவின் கத்திரிக்காய். என் மாமியார்தான், இப்போது இல்லை. பெரிய சமையல் ஒன்றும் கிடையாது. முழுக் கத்திரிக்காயைத் தீயில் காட்டிச் சுட்டு, தோலை உரித்து, பூண்டும் உப்பும் எண்ணெயும் சேர்த்து மசித்து, எலுமிச்சம்பழம் பிழிவது. கத்திரிக்காய் விளைகிற ஊரிலெல்லாம் யாரோ ஒருத்தி அதைச் செய்துகொண்டுதான் இருப்பாள். ஆனால் மாமியார் தண்ணீரில் போட்டு உரிக்க விட மாட்டார். விரலை உப்பில் தொட்டுத் தொட்டுச் சூட்டோடு உரிக்க வேண்டும். பாப்பா சின்ன வயதில் தோல் கருகுவதைப் பார்த்துப் பதறி அடுப்பை அணைக்கப் போவாளாம். "பயப்படாதே. வெளியே கருகினாத்தான் உள்ளே வேகும்" என்பாராம் மாமியார். புருஷன் போன அந்த நாட்களில் மாமியார் போனில் அவளிடம் இதையேதான் சொன்னார். அதனால் பாப்பாவுக்கு அது வெறும் சமையல் குறிப்பு இல்லை.

ஜோடிக்காரி கொடுத்தது ஒரு பூசணி சூப். பூசணியையும் வெங்காயத்தையும் வேகவைத்து, அரைத்து, மிளகு தூவுவது. பாப்பா ஒரு நாள் வீட்டில் செய்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜோடிக்காரி எங்கள் வீட்டுக்கு வருவாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து பாப்பாவின் கத்திரிக்காயை ஒப்பிப்பாள். தடுமாறும்போதெல்லாம் பாப்பா வார்த்தை எடுத்துக் கொடுப்பாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தாள். 'பயப்படாதே' என்ற வார்த்தையை எப்படி மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூடக் காட்டினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை என் வீட்டு மேஜையிலேயே வைத்தாள். நானும் டீ போட்டுக் கொடுத்தேன்.

டீச்சரும் வந்தார். வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் ஒரு நாள் சமைத்துப் பார்ப்பது என்று ஒரு ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு பேர் வந்து, நிற்க இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். டீச்சர் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மாவை நான் பார்த்ததில்ல. ஆனா இன்னைக்குப் பார்த்த மாதிரி இருக்கு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வார்த்தை எனக்கே புரிந்தது.

தேர்வுக்கு முந்தைய வகுப்பில் டீச்சர் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்: "தேர்வன்னைக்கு அவங்கவங்க சொந்த வீட்டுச் சமையல். யார் சொல்லிக் கொடுத்தாங்க, எப்படிச் செய்வாங்கன்னு சொல்லணும். ஜோடி கேள்வி கேட்கணும்." பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் பூசணியைச் சுமந்தவள், கடைசியில் அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறாள்.

தேர்வு நாளில் நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஒன்றைக் கூட்டிச் சொல்லவும் மாட்டாள், குறைத்துச் சொல்லவும் மாட்டாள்.

தேர்வு எடுத்தவர்கள் இரண்டு பேர், ஒரு வயதான அம்மாவும் ஒரு இளைஞரும். டீச்சர் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில். ஜோடிக்காரியை முதலில் பேசச் சொன்னார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுல அம்மா ஒரு கத்திரிக்காய் சமையல் செய்வாங்க."

பாப்பா முதலில் சிரித்தாளாம். பழக்க தோஷத்தில் தப்பாக ஆரம்பித்துவிட்டாள், இப்போது நிறுத்தித் திருத்திக்கொள்வாள் என்று நினைத்தாள். ஜோடிக்காரி நிறுத்தவில்லை. தீ, தோல், உப்பில் தொட்ட விரல், ஒன்றுவிடாமல் வந்தது. "பயப்படாதே, வெளியே கருகினாத்தான் உள்ளே வேகும்னு அம்மா சொல்லுவாங்க" என்று, பாப்பா காட்டிக்கொடுத்த அதே இடத்தில் குரலை இறக்கிச் சொன்னாள். வயதான அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்.

அடுத்து, பாப்பா கேள்வி கேட்க வேண்டும். என்ன கேட்பாள்? "இது... உங்க அம்மா செஞ்சதா?" என்று கேட்டாள்.

"ஆமா, எங்க அம்மாதான். இப்ப அவங்க இல்ல" என்று சொல்லி ஜோடிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடிப்பாவி! அவள் அம்மா குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறாள். முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அவளோடு போனில் அரட்டை அடித்தாள். வேலைக்காகப் பெற்றவளையே போட்டுத் தள்ளியவளை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

பாப்பாவின் முறை வந்தது. ஜோடிக்காரி மெல்லக் குனிந்து, "நீ என்னோடதைச் சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே" என்றாளாம்.

உண்மைதான், நன்றாக வரும். தூக்கத்தில் எழுப்பினாலும் பாப்பா பூசணியைச் சொல்லுவாள். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே தேறியிருப்பாள். ஆனால் பாப்பா சொல்லவில்லை. அவள் தன் கத்திரிக்காயையே சொன்னாள். அதே தீ, அதே தோல், அதே உப்பு. வார்த்தைக்கு வார்த்தை அதே வாக்கியங்கள். அவள் கட்டிக் கொடுத்த வாக்கியங்கள்தானே, வேறெப்படி இருக்கும்? பாதியிலேயே அந்த இளைஞர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதை இப்பத்தானே கேட்டோம்? இவங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றீங்களே."

"இது என்னோடது. எங்க அம்மா..." என்றாள் பாப்பா. அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

வயதான அம்மா டீச்சரின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இதைப் பத்தி ஏதாவது தெரியுமா? இது யாரோட சமையல்?"

பாப்பாவும் திரும்பிப் பார்த்தாள். அப்போதுகூட அவளுக்குப் பயம் இல்லையாம். டீச்சர் இருக்கிறார், சாப்பிட்டவர், சொல்லிவிடுவார் என்றிருந்தாள்.

டீச்சர் சொன்னார்: "வகுப்புல நிறையச் சமையலைப் பத்திப் பேசுவோம். எது யாரோடதுன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

கதவைத் திறந்துகொண்டு பாப்பா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வந்து நின்றுகொண்டு அழுதாளே, ஒரு அழுகை! பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் நகர்ந்து இடம் விட்டார்கள். அழுகையின் நடுவே துண்டு துண்டாக எல்லாவற்றையும் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தில் முதலில் அவளைத்தான் திட்டினேன். "ஏண்டி, அந்தப் பூசணியைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே! என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"அது எங்க அம்மா செஞ்சதில்லையே அண்ணி" என்றாள். "எங்க அம்மாவை அவ தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நானும் அம்மாவை அங்கேயே விட்டுட்டு, பூசணியை எடுத்துக்கிட்டு வரணுமா?"

இன்றைக்கும் எனக்குப் பூசணியைச் சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அவளிடம் மட்டும் அப்புறம் அதைச் சொல்லவில்லை.

ஜோடிக்காரி தேறிவிட்டாள். பாப்பா தேறவில்லை. சமையலறை இடத்துக்கு ஜோடிக்காரி எப்போதோ மனுப் போட்டிருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய்ப் புகை எப்போது ஒத்துக்கொண்டதோ!

ஆனாலும் அவள் சமையலறைக்கு மாறும்வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் போர்வை மடிக்க வேண்டியிருந்தது. போர்வை மடிப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஆளுக்கொரு முனையில் தள்ளி நின்றாலும், ஒவ்வொரு மடிப்புக்கும் நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். அப்படி ஒரு தடவை நெருங்கும்போது ஜோடிக்காரி சொன்னாள்: "நீ என்னோடதைச் சொல்லுவேன்னு நினைச்சேன். வகுப்புல அப்படித்தானே எப்பவும் செஞ்சோம்? எனக்கு உன்னோடதுதான் நல்லாச் சொல்ல வந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்?" பாப்பா தன் முனையைக் கொடுத்துவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள். அன்றைக்கு முழுக்க அவர்கள் அப்படி எத்தனை தடவை முகத்துக்கு முகம் வந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இங்கே வயிறு எரிகிறது.

"அவ சொல்றதும் கொஞ்சம் நிஜமா இருக்குமோ அண்ணி?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பாப்பா கேட்டாள்.

"அவ அம்மா செத்துப் போனதும் கொஞ்சம் நிஜமா?" என்று கேட்டேன்.

ஜோடிக்காரியை என்னால் திட்டித் தீர்த்துவிட முடிந்தது. அவளும் பிழைக்க வந்தவள்தான், கூட இருந்தே குழி பறித்தாள், சரி. டீச்சர் செய்ததுதான் பாப்பாவை உள்ளே போட்டு அரித்தது. "அவங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று பாத்திரம் கழுவும்போது கேட்பாள். துணி காயப்போடும்போது கேட்பாள். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் தானாகவே வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். நான் கதவைத் திறந்தபடி நின்றேன், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பாப்பாதான், "வரட்டும் அண்ணி" என்றாள்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து டீச்சர் பேசினார். "எனக்குத் தெரியும், அது உங்களோடதுதான். நான் உண்மையைச் சொல்லியிருந்தா, ஒரே பாடத்தை ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணினாங்கன்னு எழுதியிருப்பாங்க. அப்புறம் மத்தவங்க எல்லாரையும் சந்தேகப்படுவாங்க, வகுப்பையே மூடிடுவாங்க. அத்தனை பேரோட பிழைப்பு. நான் ராவெல்லாம் தூங்கல. அடுத்த தேர்வுக்கு நானே உங்களைத் தயார் பண்றேன்."

அத்தனை பேருடைய பிழைப்பாம். அந்த அத்தனை பேரில் பாப்பா சேர்த்தி இல்லையா? நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா பேச ஆரம்பித்துவிட்டாள்.

இந்த ஊர் மொழியில் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதும். கையைப் பற்றிச் சொன்னாள், புருஷன் போனபோது அம்மா போனில் சொன்னதைச் சொன்னாள். இதே மேஜையில்தான் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என் அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றீர்கள் என்று சொன்னாள். பொய்யை நீங்கள் அவளுக்காகச் சொல்லவில்லை, வகுப்புக்காகவும் சொல்லவில்லை, என்னைக் கைவிட்டால் எனக்காகக் கேட்க ஆள் இல்லை என்பதால் சொன்னீர்கள் என்றாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் பேசிக்கொண்டே போனாள், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, என்ன நினைத்தாரோ, பழக்கம் விடவில்லையோ என்னவோ, முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"எவ்வளவு நல்லாப் பேசுறீங்க!" என்றார். "அன்னைக்கு மட்டும் நீங்க இப்படிப் பேசியிருந்தா..."

"அன்னைக்கு அவங்க கேட்டது என்னை இல்ல டீச்சர்" என்றாள் பாப்பா. "உங்களைத்தான் கேட்டாங்க."

டீச்சர் ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் வாசல் வரை போனேன். பாப்பா எழுந்திருக்கவில்லை.